செந்தில் மாமாவோட இடுப்புப் பை: குடும்ப குரூப்ல ஓடின பேச்சு

செந்தில்: எல்லாருக்கும் வணக்கம். ராதிகா, உனக்குத்தான் கேள்வி. ஹூஸ்டன் வெயில்ல கடையில நாள் முழுக்க டி-ஷர்ட் ஷார்ட்ஸ்தான் போட முடியுது, பெல்ட்ல துப்பாக்கி மாட்டினா குனிஞ்சு நிமிரும்போது வயித்துல குத்துது, சட்டை தூக்கினா வெளிய தெரியுது. அதான் வெய்ஸ்ட் பேக் ஒண்ணு வாங்கலாம்னு பாக்குறேன். ஆன்லைன்ல 25 டாலருக்கு ஒண்ணு இருக்கு, உள்ள எலாஸ்டிக் பட்டை, மூணு ஜிப். சாவி, போன், ராத்திரி கல்லா காசு எல்லாம் அதுலயே வச்சுக்கலாம்ல?

கமலா (திருச்சி): தம்பி இதெல்லாம் எதுக்குடா. கேக்கவே பயமா இருக்கு

செந்தில்: அக்கா பயப்படாத. கேஸ் ஸ்டேஷன் ராத்திரி 11 மணிக்கு பூட்டுறேன், பார்க்கிங்ல நான் ஒருத்தன்தான். துப்பாக்கி வாங்கி ரொம்ப நாளாச்சு, கடை சேஃப்லதான் கெடக்கு. அதை ஒழுங்கா எப்படி கொண்டு போறதுன்னுதான் கேக்குறேன்

ராதிகா: மாமா இருங்க, அந்தப் பையை இன்னும் ஆர்டர் பண்ணாதீங்க. டூட்டி முடிஞ்சு கார்ல ஏறிட்டேன், வீட்டுக்குப் போய் விவரமா எழுதுறேன். ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன், காசும் துப்பாக்கியும் ஒரே பையில வேண்டவே வேண்டாம்

பிரபு: ஏன்க்கா, ஒரே பைன்னா வசதிதானே

ராதிகா: வழிப்பறி பண்ண வர்றவன் முதல்ல என்ன கேப்பான்? "பையை குடு"ன்னுதான். காசு அதுலதான் இருக்குன்னா பையோட குடுக்கணும், துப்பாக்கியும் அவன் கைக்குப் போயிடும். இல்ல, காசை எடுத்துத் தரேன்னு மாமா ஜிப்பை திறந்தா, அவன் உள்ள துப்பாக்கியைப் பாத்துட்டு முதல்ல சுட்டுடுவான். காசு தனியா பேண்ட் பாக்கெட்ல ஒரு கவர்ல இருக்கட்டும், கேட்டா தூக்கிக் குடுத்துட்டு விலகிப் போயிடுங்க. இன்னும் நல்லது, ராத்திரி காசையே வெளிய எடுக்காம கடைக்குள்ள சேஃப்ல போட்டுட்டு மறுநாள் பகல்ல பேங்க்குக்கு கொண்டு போங்க. துப்பாக்கி உயிருக்கு மட்டும்தான் மாமா. கல்லாவுக்கு இல்ல

வாசுகி: இதைத்தான் நானும் சொல்லிட்டே இருக்கேன் ராதிகா. நீ சொன்னா கேப்பாரு

கமலா (திருச்சி): நல்லா சொன்னடி

(ஒரு மணி நேரம் கழிச்சு)

ராதிகா: சாப்பிட்டாச்சு, இப்ப எழுதுறேன். பெருசா இருக்கும், பொறுமையா படிங்க மாமா.

உங்ககிட்ட இருக்கறது க்ளாக் 43எக்ஸ்தானே. அதுல கட்டைவிரலால தள்ளுற சேஃப்டி கிடையாது, ட்ரிகர் மேலேயே இருக்கற சின்ன நாக்குதான் சேஃப்டி. அதாவது ட்ரிகரை எது அழுத்தினாலும், விரலோ சாவியோ பேனா மூடியோ, வெடிச்சிடும். அதனால பை வாங்கும்போது முதல்ல பாக்க வேண்டியது ட்ரிகர் எப்படி மூடியிருக்குன்றதுதான், மத்ததெல்லாம் அப்புறம். நீங்க சொன்ன 25 டாலர் பையில இருக்கற எலாஸ்டிக் பட்டை துப்பாக்கியை சும்மா பிடிச்சுக்கும், அவ்வளவுதான், ட்ரிகரை மறைக்காது. கைடெக்ஸ்னு கெட்டியான பிளாஸ்டிக்ல உங்க மாடலுக்குன்னே அச்சு எடுத்த மாதிரி ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை, கிடைக்கும், அதுக்குப் பின்னாடி வெல்க்ரோ ஒட்டி பைக்குள்ள அசையாம பதிச்சுடலாம். பை எவ்வளவு வேணா விலை குடுத்து வாங்குங்க, அந்த ஹோல்ஸ்டர் இல்லாம துப்பாக்கி உள்ள போகக் கூடாது. அந்த அறையில வேற ஒரு பொருளும் இருக்கக் கூடாது, ஒரு டிஷ்யூ கூட

செந்தில்: சரிம்மா. கடையில போய் பாத்து வாங்கினா எப்படி டெஸ்ட் பண்றது?

ராதிகா: வீட்ல பண்ணுங்க, திருப்பிக் குடுக்கற வசதி இருக்கற இடத்துல வாங்குங்க. மேகசினை (குண்டு அடுக்கற பெட்டி) கழட்டி, சேம்பரை (சுடறதுக்கு குண்டு ஏறி நிக்கற இடம்) கண்ணால பாத்து, விரலை விட்டும் தடவிப் பாத்து, குண்டு எல்லாத்தையும் வேற ரூம்ல வச்சுட்டு அப்புறம் ஆரம்பிங்க. துப்பாக்கியை ஹோல்ஸ்டரோட பைக்குள்ள வச்சு ஜிப்பை மூடுங்க. இப்ப வெளிய துணி மேல விரலால அழுத்தித் தேடுங்க, ட்ரிகர் எங்கயாவது கைக்கு அகப்படுதா? அகப்பட்டா அந்தப் பை வேண்டாம். அடுத்தது ஜிப்பைத் திறந்து பையை கட்டில் மேல தலைகீழா பிடிச்சு நல்லா உதறுங்க, துப்பாக்கி ஹோல்ஸ்டரை விட்டு விழுந்தா அதுவும் வேண்டாம். அப்புறம் பையை கட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள குதிங்க, மாடிப்படி ஏறி இறங்குங்க, ஜிப் தானா திறந்துக்குதான்னு பாருங்க

ராதிகா: பெல்ட் பட்டை அகலமா இருக்கணும், ரெண்டு இன்ச் இருந்தா நல்லது, மெல்லிசா இருந்தா பை தொங்கி ஒரு பக்கமா சாயும், நீங்க பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தூக்கித் தூக்கி விடுவீங்க, அதுவே உள்ள என்ன இருக்குன்னு காட்டிக் குடுத்துடும். 43எக்ஸ் நீளம் ஆறரை இன்ச், பையோட வெளி அளவைப் பாக்காதீங்க, உள் அளவைப் பாருங்க. வெளிய பட்டை பட்டையா தச்சு, பாலைவன கலர்ல, கொடி ஒட்ற மாதிரி இருக்கற பை எதுவும் வாங்காதீங்க. அதைப் பாத்தாலே துப்பாக்கிப் பைன்னு தெரிஞ்சிடும். வாக்கிங் போறவங்க கட்டிக்கிற மாதிரி சாதா கருப்பு, சாம்பல் கலர் போதும். 5.11, வெர்டெக்ஸ் மாதிரி கம்பெனிங்க இதுக்குன்னே செய்றாங்க, அதுலயும் பாக்க சாதாவா இருக்கறதைப் பாத்து எடுங்க

பிரபு: அக்கா இப்ப எல்லாரும் தோள்ல குறுக்கா போட்டுக்கறாங்களே, அது மாதிரி போட்டா ஸ்டைலா இருக்கும்ல

ராதிகா: போனும் பர்ஸும் வைக்கற பைன்னா போட்டுக்கோ. துப்பாக்கி இருந்தா வேண்டாம். குறுக்கா போட்டா குழல் படுக்கை வாட்டத்துல பக்கத்துல நிக்கறவங்க இடுப்பை பாத்து இருக்கும், கியூல நின்னா பின்னாடி இருக்கற குழந்தையோட முகத்தை பாத்து இருக்கும். இடுப்புல முன்பக்கம்தான் கட்டணும். பின்பக்கம் கட்டினா பக்கிளை எவனாவது க்ளிக்னு கழட்டிட்டு ஓடிடுவான்.

ஆமா பிரபு, உனக்கு ஒரு முக்கியமான விஷயம். நீ ஹெச்1பி

பிரபு: நான் வாங்கலையே க்கா

ராதிகா: வாங்கறது மட்டும் இல்லடா. ஹெச்1பி மாதிரி விசாவுல இருக்கறவங்க துப்பாக்கியோ குண்டோ கையில வச்சிருக்கறதே ஃபெடரல் சட்டப்படி குற்றம். வேட்டை லைசன்ஸ் மாதிரி சில விலக்கு இருக்கு, உனக்கு அது எதுவும் இல்ல. கிரீன் கார்டு, சிட்டிசன்னா பிரச்சினை இல்ல. நம்ம வீட்ல எப்படி நடக்கும்னு யோசிச்சுப் பாரு. கோயில்ல மாமா நமஸ்காரம் பண்ணப் போவாரு, "பிரபு இதைக் கொஞ்சம் பிடிடா"ன்னு பையை கழட்டி உன் கையில குடுப்பாரு. நீயும் யோசிக்காம வாங்கிக்குவ. அந்த நிமிஷம் உன் விசா, வேலை, எல்லாத்துக்கும் ஆபத்து. அதனால அந்தப் பையை நீ தொடவே கூடாது. மாமா, யார் கையிலயும் குடுக்காதீங்க

செந்தில்: அட ஆமாம்மா, கண்டிப்பா குடுத்திருப்பேன்

வாசுகி: கோயிலுக்கு எதுக்கு அது. வீட்லயே பூட்டி வச்சுட்டு வரட்டும்

ராதிகா: அதான் சரி அத்தை. கடைக்குப் போகும்போதும் வரும்போதும் மட்டும் போதும். கார்ல வச்சுட்டுப் போறதும் நல்லது இல்ல, கண்ணாடியை உடைச்சு துப்பாக்கி திருடறது இங்க சர்வ சாதாரணம்.

சட்டம் பத்தியும் சொல்லிடறேன். டெக்சாஸ்ல 2021 செப்டம்பர் 1ல இருந்து 21 வயசு ஆனவங்க, வேற தடை எதுவும் இல்லைன்னா, லைசன்ஸ் இல்லாமலே மறைச்சு எடுத்துட்டுப் போகலாம். அது தெரிஞ்சுதான் நீங்க எல்டிசி, அதாவது டெக்சாஸ் துப்பாக்கி லைசன்ஸ், எடுக்காம இருக்கீங்க. ஆனா தினமும் காலையில நிலாவை ஸ்கூல்ல விடறது யாரு?

செந்தில்: நான்தான்

ராதிகா: ஸ்கூலைச் சுத்தி 1000 அடிக்குள்ள துப்பாக்கி கொண்டு போகக் கூடாதுன்னு ஃபெடரல் சட்டம் இருக்கு மாமா. அந்த மாநிலத்து லைசன்ஸ் இருந்தா விலக்கு, இல்லைன்னா குண்டை எடுத்து பூட்டின பெட்டிக்குள்ள வச்சிருக்கணும். இடுப்புல பை கட்டிக்கிட்டு ஸ்கூல் வாசல்ல காரை நிறுத்தினா அது மீறல்தான், லைசன்ஸ் வேண்டாம்னு டெக்சாஸ் சொன்னது அங்க உதவாது. எல்டிசி ஃபீஸ் 40 டாலர்தான், கிளாஸ் 4ல இருந்து 6 மணி நேரம், அப்புறம் 50 ரவுண்டு சுட்டுக் காட்டணும், 3, 7, 15 கஜம் தூரத்துல. எடுத்துருங்க. எடுத்தாலும் துப்பாக்கியோட ஸ்கூல் கட்டடத்துக்குள்ள போகக் கூடாது. கடை வாசல்ல 30.05ன்னு போர்டு இருந்தா லைசன்ஸ் இல்லாதவங்களும், 30.06ன்னு இருந்தா எல்டிசி இருக்கறவங்களும் மறைச்சு உள்ள கொண்டு போகக் கூடாது, சிவப்புல 51%ன்னு போர்டு மாட்டின பாரா இருந்தா யாருமே கொண்டு போகக் கூடாது, இதெல்லாம் கிளாஸ்லயே தெளிவா சொல்லிக் குடுப்பாங்க

கமலா (திருச்சி): ராதிகா, வீட்ல குட்டி இருக்காளே. அதைப் பத்தி சொல்லுடி. எனக்கு அதுதான் மனசுல ஓடிட்டே இருக்கு

ராதிகா: அம்மா அதைத்தான் கடைசியா எழுதலாம்னு இருந்தேன், ஏன்னா பை விஷயத்துல எனக்கு இருக்கற பெரிய பயமே அதுதான். பெல்ட்ல மாட்டின துப்பாக்கி உடம்போட இருக்கும், கழட்டணும்னா யோசிச்சுதான் கழட்டுவோம். பை அப்படி இல்ல. வீட்டுக்கு வந்ததும் க்ளிக்னு கழட்டி சோபா மேல போடுவோம், டைனிங் டேபிள் நாற்காலியில மாட்டுவோம், பாத்ரூம்ல கொக்கியில தொங்க விடுவோம். பாக்க சாதா பைதான், குழந்தைக்கு அதுல சாக்லேட் இருக்குமான்னுதான் தோணும்.

2014 டிசம்பர் 30, ஐடஹோவுல ஹேடன்னு ஒரு ஊர், வால்மார்ட் கடை. அந்த அம்மாவுக்கு 29 வயசு, துப்பாக்கி வச்சுப் பழகினவங்கதான், லைசன்ஸும் இருந்துச்சு. துப்பாக்கிக்குன்னே தனி ஜிப் அறை வச்சு செஞ்ச ஹேண்ட்பேக், கணவர் கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் குடுத்தது. கார்ட்ல உக்கார வச்சிருந்த 2 வயசு பையன் அந்த அறைக்குள்ள கையை விட்டு எடுத்து அழுத்திட்டான். அம்மா அங்கேயே இறந்துட்டாங்க. பை உடம்பை விட்டு ஒரு கை தூரம் தள்ளி இருந்தது, அவ்வளவுதான்

வாசுகி: படிக்கும்போதே கை நடுங்குது

கமலா (திருச்சி): முருகா

ராதிகா: அதனால மாமா, ஒரே ரூல். பை உங்க இடுப்புல இருக்கணும், இல்லைன்னா துப்பாக்கி பூட்டின சேஃப்ல இருக்கணும். மூணாவது இடம்னு ஒண்ணு கிடையாது. ரெஸ்ட்ரூம்லயும் கழட்டக் கூடாது, முன்பக்கம் கொஞ்சம் மேல தூக்கி இறுக்கிக்கலாம். டெக்சாஸ் சட்டமும் இதுல கண்டிப்பு, 17 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளை கைக்கு எட்டற மாதிரி குண்டு போட்ட துப்பாக்கியை விட்டு வச்சு, பிள்ளையும் எடுத்துட்டா பெரியவங்க மேலதான் கேஸ். வீட்டு வாசல் கதவுக்குப் பக்கத்துலயே, செருப்பு அலமாரிக்கு மேல, நம்பர் அழுத்தித் திறக்கற சின்ன சேஃப் ஒண்ணை சுவத்துல போல்ட் போட்டு மாட்டுங்க. உள்ள வந்ததும் முதல் வேலை அது, அப்புறம்தான் நிலாவை தூக்கணும்

செந்தில்: புரியுது. எடுக்கறது எப்படி? அவசரத்துல ஜிப்பைத் தேடிட்டு நிக்க முடியாதே

ராதிகா: ஜிப் முனையில கெட்டியான கயிறு கட்டியிருக்கணும், கையுறை போட்டாலும் பிடிபடற மாதிரி. இடது கையால கயிறைப் பிடிச்சு ஒரே இழுப்புல முழுசா திறக்கணும், பாதி திறந்தா கை மாட்டிக்கும். திறந்த மடலை இடது கையாலேயே பிடிச்சுக்கிட்டு வலது கையால பிடியை முழுசா பிடிச்சு நேரா மேல எடுக்கணும், விரல் ட்ரிகருக்கு வெளிய. நிறைய பேர் இடது கையை குழலுக்கு முன்னாடி கொண்டு வந்துடுவாங்க, அதுதான் ஆபத்து. திருப்பி வைக்கும்போது பையை வயித்துல கட்டிக்கிட்டே உள்ள திணிக்காதீங்க. ஹோல்ஸ்டரை வெளிய எடுத்து, உடம்பை விட்டுத் தள்ளி வச்சு துப்பாக்கியை அதுல மாட்டிட்டு, ரெண்டையும் சேத்து உள்ள பதிங்க. காலி துப்பாக்கியோட வீட்ல மெதுவா பழகுங்க, வேகம் தானா வரும். அதுவரைக்கும் சேம்பர்ல குண்டு ஏத்தாதீங்க. எல்லா ரேஞ்ச்லயும் (சுட்டுப் பழகற இடம்) பையில இருந்து எடுத்து சுட விட மாட்டாங்க, ஒரு இன்ஸ்ட்ரக்டரை பிடிச்சு நேர்ல கத்துக்கணும், நான் எழுதினதைப் படிச்சா மட்டும் பத்தாது. பெல்ட்ல இருந்து எடுக்கறதைவிட பையில இருந்து எடுக்க நேரம் ஆகத்தான் செய்யும், அது தெரிஞ்சுதான் இதைத் தேர்ந்தெடுக்கணும். கார்ல உக்காந்தா சீட் பெல்ட்டோட கீழ்ப்பட்டையை பைக்கு அடியில கொண்டு போய் மாட்டுங்க

பிரபு: அக்கா மாமா தீபாவளிக்கு திருச்சி வர்றாரே, அந்தப் பையையே பாஸ்போர்ட் வைக்க எடுத்துட்டு வருவாரு பாரு

ராதிகா: நல்ல நேரத்துல ஞாபகப்படுத்தின!! மாமா, அந்தப் பை வேற எதுக்கும் கூடாது. 2023ல மட்டும் அமெரிக்காவுல டிஎஸ்ஏ (ஏர்போர்ட் பாதுகாப்பு பாக்கற அரசு அமைப்பு) செக்கிங்ல 6,737 துப்பாக்கி பிடிச்சாங்க, அதுல 90 சதவீதத்துக்கு மேல குண்டு போட்டது. நிறைய பேர் சொல்றது "பையில இருக்கறதையே மறந்துட்டேன்"தான். துப்பாக்கியை எடுத்துட்டாலும் ஜிப் மூலையில ஒரே ஒரு குண்டு சிக்கிக்கிட்டு இருந்துட்டா, சென்னை ஏர்போர்ட்ல 1959 ஆயுதச் சட்டத்துல கேஸ் ஆகும். அமெரிக்க லைசன்ஸ் அங்க செல்லாது. ஊருக்கு வர்றதுக்கு வேற பை, நான் வாங்கித் தரேன்

கமலா (திருச்சி): தம்பி அதை மட்டும் கொண்டு வந்துடாதடா, உன்னை பாக்கணும்னு காத்துட்டு இருக்கேன்

செந்தில்: கொண்டு வர மாட்டேன் அக்கா. ராதிகா, சனிக்கிழமை எல்டிசி கிளாஸ் பக்கத்துலயே ஒண்ணு இருக்கு, பேர் குடுத்துட்டேன்

வாசுகி: நானும் வரேன்னு சொல்லியிருக்கேன். வீட்ல ஒரு பொருள் இருந்தா அதைப் பாதுகாப்பா கழட்டி வைக்கவாவது எனக்குத் தெரியணும்ல. நிலாவை அன்னிக்கு பக்கத்து வீட்ல விட்டுக்கறேன்

ராதிகா: அத்தை ரொம்ப சந்தோஷம் 🙏 கண்டிப்பா போங்க. அந்தப் பக்கத்து வீட்லயும் துப்பாக்கி இருக்கா, பூட்டி வச்சிருக்காங்களான்னு கேட்டுக்கோங்க. இங்க அப்படிக் கேக்கறதை யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க

வாசுகி: கேக்கறேன் மா

செந்தில்: 25 டாலர் பையை கார்ட்ல இருந்து எடுத்தாச்சு. வாசல் சேஃப் ஆர்டர் போட்டாச்சு, செவ்வாய்க்கிழமை வருதாம். அது சுவத்துல ஏறினதுக்கு அப்புறம் பை பாக்கலாம், வாங்கறதுக்கு முன்னாடி உனக்கு போட்டோ அனுப்புறேன்

ராதிகா: உள்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க மாமா 👍