சுஷாவைப் பிடித்தது ட்ரோனா, காலாட்படையா? பருந்துக்கண் பதில் சொல்லட்டும்

பீரங்கி பாண்டி:
பக்கத்து விவாதத் திரியில் பருந்துக்கண் எழுதிய ஒரு வரியைப் படித்ததிலிருந்து ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. "2020 கராபாக் போரை ஜெயித்தது துருக்கியின் டிபி2 ட்ரோன்தான், இனி பீரங்கி, டாங்கி, காலாட்படை என்று பட்ஜெட்டில் கொட்டுவதெல்லாம் பழைய பஞ்சாங்கம்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அங்கேயே பதில் சொன்னால் அவருடைய கூட்டம் வந்து கும்மியடிக்கும், அதனால்தான் தனித்திரி.

ஐயா, கராபாக் மலைப்பகுதிக்காக அஜர்பைஜானும் ஆர்மீனியாவும் மோதிய அந்தப் போர் செப்டம்பர் 27 இல் தொடங்கி 44 நாள் நடந்தது. முடித்துவைத்தது எது? சுஷா. செங்குத்துப் பாறைமேல் உட்கார்ந்திருக்கிற மலையூர், கீழே கொஞ்ச தூரத்தில் கராபாக்கின் தலைநகரான ஸ்டெபானகெர்ட். அந்த ஊரை அஜர்பைஜான் சிறப்புப் படைக்காரர்கள் காட்டுக்குள்ளும் பள்ளத்தாக்கிலும் நாள்கணக்கில் நடந்து, பாறையில் தொற்றி ஏறி, தூக்கிக்கொண்டு போக முடிந்த ஆயுதத்தை மட்டும் வைத்துத் தெருத்தெருவாகச் சண்டை போட்டுப் பிடித்தார்கள். அந்த நாள்களில் அங்கே பனிமூட்டம். கேமராவுக்குக் கண் தெரியாது. பனிமூட்டத்தில் உங்கள் டிபி2 என்ன கிழித்தது என்று மட்டும் சொல்லுங்கள், நான் மீசையை எடுத்துவிடுகிறேன்.

பருந்துக்கண்:
வாங்க பாண்டி சார், எங்கே காணோமே என்று பார்த்தேன். ஒரே கேள்வி. எந்தத் தேதியில் பனிமூட்டம்?

44 நாள் போரில் கடைசி ஒரு வாரத்தில் சில நாள் பனி இருந்தது என்பதற்காக மீதி நாள்களை அழித்துவிட முடியாது. சுஷாவுக்கு நடந்து போனார்கள், சரி. நடக்க வழி விட்டது யார்? முதல் இரண்டு வாரத்திலேயே ஆர்மீனியாவின் ஓசா, ஸ்த்ரேலா வான்பாதுகாப்பு ஏவுகணை வண்டிகளை ஒவ்வொன்றாகக் குறிவைத்து அடித்த காணொளிகளை உலகமே பார்த்தது, பாகுவில் தெருவோரப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். டாங்கிகள், பீரங்கிகள், ஆள் ஏற்றிப்போன லாரிகள், எல்லாம் போன பிறகு மிச்சம் இருந்ததைத்தான் காலாட்படை பிடித்தது. கதவை உடைத்தவனை விட்டுவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு மாலை போடுகிறீர்கள்.

சும்மா ஒருவன்:
மீசை பந்தயம் ஆரம்பமாகிவிட்டது. பாப்கார்ன் எடுத்து வருகிறேன்.

பீரங்கி பாண்டி:
பெரிய திரையில் போட்டார்கள் என்பது போர்க்கலையா, விளம்பரமா? அடித்தது படம் ஆனது, அடிக்காமல் திரும்பியது படம் ஆகவில்லை. இது தெரியாமல் காணொளியை எண்ணி எண்ணிப் போரை எழுதுகிறார்கள்.

ஓசாவைப் பற்றிப் பேசுகிறீர்களே, ஓசா எந்தக் காலத்துச் சரக்கு தெரியுமா? 1970களில் சோவியத் ராணுவத்துக்கு வந்தது. அதன் ஏவுகணை ஐந்து கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் எட்டாது. டிபி2 வழக்கமாகப் பதினெட்டாயிரம் அடியில் பறக்கும், அதாவது ஐந்தரைக் கிலோமீட்டர். கைக்கு எட்டாத கிளையில் உட்கார்ந்த காக்கா கல்லெறிந்தவனைப் பார்த்துச் சிரித்தால் காக்கா வீரன் ஆகிவிடுமா? ஒழுங்கான வான்பாதுகாப்பு வந்ததும் என்ன ஆனது என்று உக்ரைனில் பார்த்தோம். 2022 பிப்ரவரி, மார்ச்சில் டிபி2 மேல் பாட்டு கட்டினார்கள், ரஷ்யர்கள் தங்கள் வான்பாதுகாப்பை ஒழுங்காக நிறுத்திய பிறகு அதே டிபி2 முன்னணிப் பக்கம் அபூர்வமாகத்தான் தலைகாட்டியது.

இன்னொன்று. ட்ரோன் ஜெயித்த போர் என்கிறீர்கள், ஜெயித்த அஜர்பைஜானே தன் பக்கத்தில் சுமார் 2,900 வீரர்கள் செத்ததாகக் கணக்குக் கொடுத்தது. அத்தனை பேரும் ஏசி அறையில் ட்ரோன் ஓட்டியவர்களா?

பனிமூட்டத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

பருந்துக்கண்:
தேதி இன்னும் வரவில்லை.

தச்சன்:
விவாதம் சூடாகப் போகிறது, இடையில் வருவதற்கு மன்னிக்கவும். டிபி2 போய் அடித்துவிட்டுத் திரும்பி வரும் விமானம். கராபாக்கில் பறந்த இன்னொன்றான ஹாரோப் திரும்பி வராது, தானே போய் மோதி வெடிக்கும். உக்ரைனில் பையன்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஓட்டுகிற எஃப்பிவி கையில் தூக்கிப்போகிற சின்னப் பொருள். மூன்றையும் 'ட்ரோன்' என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்புகிறோம். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது. ட்ரோன் என்பதற்குப் பதில் 'ஆளில்லா வானூர்தி' என்று எழுதலாமே?

சும்மா ஒருவன்:
ஆளில்லாமல் எங்கே பறக்கிறது? ஆள் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு ஓட்டுகிறான். 'டீ குடிக்கும் வானூர்தி' என்று வைக்கலாம்.

பருந்துக்கண்:
தச்சன், சொல் ஆராய்ச்சிக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

பாண்டி சார், நீங்கள் மறைக்கிற விஷயத்தை நானே சொல்கிறேன். அஜர்பைஜான் பழைய அந்தோனோவ்-2 இரட்டைச் சிறகு விமானங்களை எடுத்து ஆளில்லாமல் பறக்கிற மாதிரி மாற்றி முன்னணிக்கு மேல் அனுப்பியது. பயிருக்கு மருந்து தெளிக்கிற கிழட்டு விமானம். ஆர்மீனியாக்காரர்கள் அதைச் சுட ரேடாரைத் திறந்தார்கள், இடம் தெரிந்தது, மேலே காத்திருந்தது வந்து அடித்தது. ஏவுகணைக்காரனுக்குத் தூண்டில் போட்டுப் பிடித்தார்கள் சார். இதற்குப் பெயர் விளம்பரமா?

மறுபக்கம் ஆர்மீனியா நான்கு சு-30 போர் விமானம் வாங்கி வைத்திருந்தது. போரில் பறக்கவில்லை. ஏன்? அதற்கு ஏவுகணை இல்லை. பிரதமர் பஷினியானே 2021 இல் வாயால் ஒப்புக்கொண்டார். அந்தக் காசுக்கு ட்ரோன் வாங்கியிருந்தால் இன்று வேறு கதை. பாதுகாப்புத் திட்டம் போடுகிறவர்கள் படிக்க வேண்டிய பாடம் அதுதான், நீங்கள் பனியில் நின்றுகொண்டு விறைக்கிறீர்கள்.

பீரங்கி பாண்டி:
மருந்தடிக்கிற விமானம் என்றதும் ஞாபகம் வருகிறது. பருந்துக்கண் வயலில் பூச்சிமருந்து அடிக்கிற ட்ரோன் ஓட்ட உரிமம் வாங்கியவர். அந்தத் தொழிலை நான் மதிக்கிறேன். ஆனால் பத்து லிட்டர் டேங்க் தூக்கிக்கொண்டு நெல்லுக்கு மேல் பறக்கவிட்டவர் போர்த் தந்திரம் சொல்லித் தருவது, ஊசி போடுகிறவர் இதய ஆபரேஷன் பற்றிப் பேசுகிற மாதிரி. நான் ராணுவ வான்பாதுகாப்பில் பதினெட்டு வருஷம் எல்-70 பீரங்கியோடு இருந்தவன். கோபால்பூர் கடற்கரையில் லக்ஷ்யாவைப் பறக்கவிட்டு அதைத்தான் சுடப் பழகினோம். லக்ஷ்யா என்ன? ஆளில்லா விமானம்! நீங்கள் இந்தச் சொல்லையே கேள்விப்படாத காலத்தில் நாங்கள் அதை வீழ்த்திப் பழகினோம்.

பருந்துக்கண்:
லக்ஷ்யாவையா சுட்டீர்கள், அதன் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துப் போன இலக்கையா? எனக்குத் தெரிந்தவரை இழுவை இலக்கைத்தான் சுடுவார்கள், விமானத்தையே சுட்டுவிட்டால் கணக்கு எழுத ஆள் வருவார்கள். வாலைச் சுட்டுவிட்டு மாட்டைச் சுட்டேன் என்கிறீர்கள்.

சும்மா ஒருவன்:
அய்யோ.

பீரங்கி பாண்டி:
இழுவை இலக்கைச் சுடுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கு... உங்களுக்குத் தெரியுமா? கடல் காற்று, வெயில், குழல் சூடு, காதில் மூன்று நாள் ரீங்காரம். இதெல்லாம் மொபைல் திரையில் விரலால் தள்ளுகிறவர்களுக்குப் புரியாது.

கணக்கப்பிள்ளை:
கயிறு, வால் எல்லாம் இருக்கட்டும், காசைப் பாருங்கள். வானில் வருவதைச் சுட்டு வீழ்த்துகிற ஒரு பேட்ரியாட் பிஏசி-3 ஏவுகணை சுமார் 40 லட்சம் டாலர். தானே போய் மோதி வெடிக்கிற ஈரானின் ஷாஹேத்-136 ட்ரோன் அந்த விலையில் ஒரு சின்னப் பங்குதான். எதிரி மலிவானதை நூற்றுக்கணக்கில் அனுப்பினால், எல்லாவற்றையும் சுட்டு வீழ்த்தியும் நாம் திவாலாவோம். நீங்கள் இருவரும் பனியை அளந்துகொண்டிருக்கிறீர்கள்.

பீரங்கி பாண்டி:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! ஏவுகணையால் அடித்தால் திவால், பீரங்கிக் குண்டால் அடித்தால் மிச்சம். 2025 மே மாதம் சிந்தூர் நடவடிக்கையின்போது என்ன நடந்தது? மே 8 இரவு பாகிஸ்தான் 36 இடங்களில் 300 முதல் 400 ட்ரோன்கள் அனுப்பியது என்று நம் அரசு சொன்னது. அவற்றை அடித்ததில் யாருக்கெல்லாம் பங்கு? ஆகாஷ், எஸ்-400 ஏவுகணைகள் உண்டு, அதோடு 1960களிலிருந்து நம்மிடம் இருக்கிற கிழட்டு எல்-70. பழைய இரும்பு என்று இதே தளத்தில் கேலி செய்த பீரங்கி. பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனம் அதற்குப் புதுக் கண் பொருத்தியது, இரவிலும் பார்க்கும், தானே பின்தொடரும். அன்று ராத்திரி தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன். என் மனைவியைக் கேளுங்கள், பெயர் வரும் முன்பே சொன்னேன், இது நம்ம துப்பாக்கி என்று.

பருந்துக்கண்:
உங்கள் பெருமையை நான் குறைக்கவில்லை சார். ஆனால் அந்த 300, 400 எதற்கு வந்தன? நம் ரேடார் எங்கே, துப்பாக்கி எங்கே என்று பார்க்கத்தான். நீங்கள் சுட்டதே அவனுக்குத் தகவல். அதே நடவடிக்கையில் பாகிஸ்தான் ரேடார்மேல் நம் ஆட்கள் எதை ஏவினார்கள்? ஹாரோப். கராபாக்கில் அஜர்பைஜான் வைத்திருந்த அதே ஹாரோப். காலாட்படையை நடக்கவிட்டார்களா? அப்புறம் 2025 ஜூன் 1, உக்ரைன் 117 ட்ரோன்களை லாரியில் மரக்கொட்டகைக்குள் ஒளித்து ரஷ்யாவுக்குள் கொண்டுபோய், உக்ரைனிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற சைபீரியாவின் பெலாயா விமானப்படைத் தளம் வரை அடித்தது. அணுகுண்டு போடவல்ல விமானங்கள் நின்ற இடத்திலேயே எரிந்தன. அங்கே பனிமூட்டம் இல்லையா?

பீரங்கி பாண்டி:
லாரி ஓட்டியது யார்? ட்ரோனா? சைபீரியா வரை லாரி ஓட்டியவன் மனிதன். பார்த்தீர்களா, நீங்களே என் பக்கம் வந்துவிட்டீர்கள்.

வன்னியான்:
அண்ணைமார் சண்டை பிடிக்கிறதைக் கனநேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் 2008, 2009 இல் இலங்கையில் போர் நடந்தபோது வன்னியில் இருந்தவன். எங்களுக்கு இதற்கு டிபி என்றும் ஹாரோப் என்றும் பெயர் தெரியாது, நாங்கள் 'வண்டு' என்று சொல்வோம். சத்தம் அப்படி. இரவு பகலாகத் தலைக்கு மேல் சுற்றும். அது குண்டு போடாது. அது சுற்றிவிட்டுப் போனால் பிறகு கிபிர் போர்விமானம் வரும், இல்லாவிட்டால் ஷெல் வரும். சமைக்க அடுப்பு மூட்டினால் புகை தெரியும் என்று அம்மா பயப்படுவா. இப்போதும் ஊரில் யாராவது கல்யாண வீட்டில் கேமரா பறக்கவிட்டால் நான் மண்டபத்துக்குள் போய்விடுவேன்.

பீரங்கி பாண்டி:
தம்பி சொன்னதைக் கேளுங்கள். "அது குண்டு போடாது." அது வெறும் கண். அடித்தது விமானமும் பீரங்கியும். இதைத்தான் முதல் பதிவிலிருந்து சொல்லிவருகிறேன்.

பருந்துக்கண்:
"அது சுற்றிவிட்டுப் போனால் பிறகு வரும்." அதாவது அந்தக் கண் இல்லாவிட்டால் அடியே இல்லை. அவர் என் பக்கம்தான் பேசுகிறார்.

வன்னியான்:
நான் ஒருவருடைய பக்கமும் பேசவில்லை அண்ணை. நீங்கள் தொடருங்கள்.

கணக்கப்பிள்ளை:
அவரை விடுங்கள் இருவரும். கொஞ்சமாவது...

பீரங்கி பாண்டி:
கணக்கப்பிள்ளை, எனக்கு மரியாதை சொல்லித்தர வேண்டாம். தம்பியைத் தம்பி என்றுதான் சொன்னேன்.

பருந்துக்கண்ணுக்கு ஒரு பழைய பாக்கியும் இருக்கிறது. அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தில் அமெரிக்காவின் எம்கியூ-9பி ஆளில்லா விமானம் இரண்டு குத்தகைக்கு நின்றபோது, "இந்த இரண்டே போதும், இந்தியப் பெருங்கடலை மூடிவிடலாம்" என்று இதே தளத்தில் எழுதினார். 2024 செப்டம்பரில் ஒன்று கோளாறாகி சென்னைக்கு அப்பால் கடலில் விழுந்தது. அன்றைக்கு எங்கே போனார்? ஒரு வாரம் ஆளையே காணோம். அப்புறம் அக்டோபரில் 31 வாங்க ஒப்பந்தம் போட்டதும் மத்தாப்பு கொளுத்திக்கொண்டு வந்துவிட்டார். சுமார் 32,000 கோடி ரூபாய். ஏமனில் ஹூதி கிளர்ச்சியாளர்கள் அதே குடும்பத்து எம்கியூ-9களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டு இறக்கினார்கள், ஒன்று சுமார் 3 கோடி டாலர். செருப்புப் போட்ட ஆட்கள் இறக்கினார்கள் ஐயா.

பருந்துக்கண்:
அந்த வாரம் என் தங்கைக்குக் கல்யாணம். அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டுமா? கடலில் விழுந்ததில் ஒரு விமானி சாகவில்லை, அதுதான் ஆளில்லா விமானத்தின் அர்த்தமே. நீங்கள் எதையும் பார்க்கமாட்டீர்கள், பிடித்த முயலுக்கு மூன்று கால். மூன்று பக்கம் எழுதியாயிற்று, சுஷாவில் எந்தத் தேதியில் பனிமூட்டம் என்ற ஒற்றைக் கேள்விக்குப் பதில் இல்லை. நவம்பர் 8 அன்று அஜர்பைஜான் அதிபர் அலியேவ் சுஷா விழுந்ததாக அறிவித்தார். அதற்கு முன் எத்தனை நாள் பனி, எத்தனை நாள் வெயில்?

பீரங்கி பாண்டி:
நான் என்ன வானிலை மையமா? பனி இருந்தது. அவ்வளவுதான். மலையில் நவம்பரில் பனி இருக்காமல் மாம்பழமா இருக்கும்? நானும் மலையில் இருந்தவன், காலை பத்து மணிக்குக்கூடக் கண் முன்னால் நீட்டிய கை தெரியாது. அந்த நேரத்தில் கேமராவை நம்பியா மேலே ஏறுவான்? பக்கத்தில் நிற்கிறவனின் மூச்சை நம்பி ஏறுவான். அதை எழுத உங்களுக்கு மனசு வராது.

தச்சன்:
பனிமூட்டம், மூடுபனி இரண்டும் ஒன்றா?

சும்மா ஒருவன்:
தச்சன், வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

பருந்துக்கண்:
ஆக, தேதி தெரியாது.

பீரங்கி பாண்டி:
ஆக, பனியில் டிபி2 என்ன செய்தது என்று உங்களுக்கும் தெரியாது. காலையில் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து எல்-70 பற்றி முழுசாக எழுதுகிறேன். அந்த இழுவை இலக்கு விஷயத்தை நான் அப்படியே விடப்போவதில்லை.

சும்மா ஒருவன்:
மீசை?

பீரங்கி பாண்டி:
மீசை இருக்கிறது.