மயாமி சர்ஃப் கிளப்: போய்ப் பார்த்தவர்கள் சொன்னவை

அட்லாண்டாவிலிருந்து:

மயாமிக்குப் போகிற நம் ஆட்கள் பெரும்பாலும் சவுத் பீச்சில் நாலு படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். காலின்ஸ் அவென்யூவிலேயே வடக்கே போய்க்கொண்டிருங்கள். 90ஆம் தெருப் பக்கம் சர்ஃப்சைடு என்ற சின்ன ஊரில், கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஓட்டுக்கூரை போட்ட பழைய கட்டடம் ஒன்று கடலைப் பார்த்து நிற்கும். அதுதான் சர்ஃப் கிளப்.

டயர் முதலாளி ஹார்வி ஃபயர்ஸ்டோனும் அவருடைய பணக்கார நண்பர்களும் சேர்ந்து ஆரம்பித்தது. 1930 டிசம்பர் 31 அன்று புத்தாண்டு விருந்தோடு திறந்தார்கள். பங்குச் சந்தை சரிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, நாடே வேலையில்லாமல் அலைந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள். கட்டடத்தை வடிவமைத்தவர் ரஸ்ஸல் பான்கோஸ்ட். காலின்ஸ் அவென்யூ எந்த ஜான் காலின்ஸின் பேரைத் தாங்கியிருக்கிறதோ, அவருடைய பேரன்.

2017 முதல் அந்த வளாகம் ஃபோர் சீசன்ஸ் ஹோட்டல். உள்ளே இருக்கும் உணவகத்துக்கு முன்பதிவு செய்துகொண்டு போனோம். அந்தச் சாக்கில் பீகாக் ஆலி என்கிற நீண்ட நடைக்கூடத்தைப் பார்த்துவிடலாம். அங்கே வேலை பார்த்த பெண்மணி ஆர்வமாகப் பேசினார். 1946இன் ஆரம்பத்தில், தேர்தலில் தோற்றுப் பதவி இழந்திருந்த சர்ச்சில் ஓய்வுக்காக மயாமி பீச் வந்தபோது இந்தக் கிளப்பின் கடற்கரைக் குடிலில் உட்கார்ந்து ஓவியம் வரைந்தாராம். அங்கிருந்து கிளம்பிப் போய்த்தான் மார்ச் 5 அன்று மிசௌரி மாநிலத்து ஃபுல்டனில் சோவியத் ஆதிக்கம் ஐரோப்பாவை இரண்டாகப் பிரிக்கிறது என்று எச்சரித்த அந்த 'இரும்புத் திரை' உரையை நிகழ்த்தினார்.

டாம்பாவிலிருந்து:

நல்ல பதிவு. ஆனால் கதையில் பாதிதான் வந்திருக்கிறது.

சர்ஃப்சைடு ஊரே அந்தக் கிளப்புக்காக உருவானது. மயாமி பீச் நகராட்சி தங்களையும் சேர்த்துக்கொள்ளுமோ என்ற கவலையில் கிளப் உறுப்பினர்கள் 35 பேர் கையெழுத்துப் போட்டு, 1935இல் தனி ஊராகவே ஆக்கிக்கொண்டார்கள். கிளப்புக்கு ஊர் வைத்தவர்கள் என்று கேலியாகச் சொல்லலாம். அந்தக் காலத்தில் யூதர்களுக்கும் கறுப்பர்களுக்கும் உறுப்பினராக வழியே இருக்கவில்லை. பக்கத்து மயாமி பீச்சில் வேலைக்கு வந்த கறுப்பினத் தொழிலாளர்கள் போலீஸில் பதிந்து அடையாள அட்டை வைத்திருக்க வேண்டியிருந்தது. கடலில் குளிக்க அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. 1945 மே மாதம் கொஞ்சம் வடக்கே இருக்கும் ஹாலோவர் கடற்கரையில் சில கறுப்பர்கள் தடையை மீறித் தண்ணீரில் இறங்கினார்கள். அதன் பிறகுதான் வர்ஜீனியா கீ தீவில் அவர்களுக்கென்று ஒரு கடற்கரையை ஒதுக்கினார்கள். அதுவும் ஒதுக்குதல்தான், என்ன செய்வது.

அப்புறம் காலம் மாறியதைப் பாருங்கள். யூதர்களின் இத்திஷ் மொழியில் எழுதி 1978இல் நோபல் வாங்கிய ஐசக் பாஷெவிஸ் சிங்கர் இதே சர்ஃப்சைடில்தான் குடியிருந்தார். இன்று அந்த ஊரில் யூதர்கள் ஏராளம்.

போகிறவர்களுக்கு ஒன்று: ஃப்ளோரிடா சட்டப்படி சராசரி உயர் அலைக்கோட்டுக்குக் கீழே உள்ள ஈர மணல் பொதுச் சொத்து. எந்தக் கிளப்பின் முன்னாலும் அதில் தாராளமாக நடக்கலாம். நாங்கள் தெற்கே நடந்தபோது, 2021 ஜூனில் இடிந்து 98 பேரைப் பலிகொண்ட சாம்ப்லெய்ன் டவர்ஸ் சவுத் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு இருந்த மனையையும் தாண்டினோம். கிளப்பிலிருந்து இரண்டு மூன்று தெரு தூரம்தான். அதற்குமேல் அன்று யாருக்கும் பேச்சு வரவில்லை.

கிள்ளானிலிருந்து:

ஃபயர்ஸ்டோன் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தாத்தா பாட்டி இரண்டு பேரும் இங்கே மலேசியாவில், சிலாங்கூர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள்.

1922இல் ரப்பர் விலை விழாமல் இருக்க மலாயா, இலங்கை ஏற்றுமதிக்கு பிரிட்டன் கட்டுப்பாடு போட்டது. ஸ்டீவன்சன் திட்டம் என்பார்கள். அதற்கான குழுவை அமைத்த குடியேற்ற நாடுகளின் அமைச்சர் யார் தெரியுமா? அதே சர்ச்சில்! அந்தத் திட்டத்தை அமெரிக்காவில் மிகக் கடுமையாக எதிர்த்தவர் ஃபயர்ஸ்டோன். மலாயா ரப்பரை நம்பியிருக்கக் கூடாது என்று முடிவெடுத்து, 1926இல் லைபீரியாவில் பத்து லட்சம் ஏக்கர் வரை 99 வருடக் குத்தகைக்கு எடுத்தார். அவர் 1938இல் இறந்துவிட்டதால், கிளப்பில் சர்ச்சிலை வரவேற்க இல்லை. இருந்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

அங்கே புத்தாண்டு விருந்து நடந்த அந்தச் சமயத்தில் இங்கே ரப்பர் விலை பாதாளத்தில் கிடந்தது. 1930 முதல் 1932 வரை தோட்டத்துத் தமிழர்களை ஆயிரமாயிரமாகக் கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், நின்று பேர் கொடுத்தாலும் வேலை கிடையாது என்று பாட்டி சொல்வார்.

அட்லாண்டாவிலிருந்து மீண்டும்:

கிள்ளான் நண்பரே, சர்ச்சிலையும் ஃபயர்ஸ்டோனையும் இப்படி நான் சேர்த்து யோசித்ததே இல்லை. டிசம்பரில் மறுபடி போகிறோம், இந்தத் தடவை ஹாலோவரிலிருந்து நடந்து வருவதாக உத்தேசம். மயாமி பீச்சில் ஃபயர்ஸ்டோனின் வீட்டைத் தேடிப் போகிறவர்கள் யாராவது இருந்தால், அலைய வேண்டாம். அந்த இடத்தில்தான் 1954இல் ஃபோன்டன்ப்ளூ ஹோட்டல் எழும்பியது.