கிளிநொச்சிக் கண்காட்சியின் முதல் அறை யாருக்கு? ஒரு குடும்ப அல்பம் குறித்த விவாதம்

இரணைமடுவான்:

கிளிநொச்சி நகரின் தொடக்க காலத்தைப் பழைய படங்கள் வழியாகச் சொல்லும் கண்காட்சி ஒன்றை ஊரவர் சிலர் சேர்ந்து ஒழுங்கு செய்து வருகிறோம். இதுவரை கைக்கு வந்த படங்களுள் மிகப் பழையவை ஒரே குடும்பத்தின் அல்பத்தில் உள்ளன. அக்குடும்பத்தினர் தங்கள் பெயரை இணையத்தில் வெளியிட விரும்பாததால் நான் அதை இங்கே எழுதவில்லை. 1930களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்து, காணி பெறுவோரை அரச அதிகாரிகள் தெரிவு செய்யும் காணிக் கச்சேரியில் தெரிவாகி, காடு வெட்டி வயல் செய்து, பின்னர் கண்டி வீதியோரம் கடையும் அரிசி ஆலையும் நடத்தியவர்கள் அவர்கள். அந்த அல்பத்துக்கே முதல் அறை முழுவதையும் ஒதுக்க வேண்டும் என்பது என் முன்மொழிவு.

காரணத்தைச் சொல்கிறேன். இங்குள்ள வயல்களுக்கு நீர் தரும் இரணைமடுக் குளத்தின் கட்டுமானம் 1902 இல் தொடங்கி 1920 ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. ஆனால் குளம் கட்டியவுடன் நகரம் வந்துவிடவில்லை. குடாநாட்டின் சன நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிப்பதற்காக 1936 இல் குடியேற்றத் திட்டம் வந்த பிறகே இங்கு நகரம் என்று சொல்லத்தக்க ஒன்று முளைவிட்டது. அந்த முதல் ஆண்டுகளைக் கண்ணால் காட்டக்கூடிய சான்று இந்த அல்பத்தைத் தவிர வேறெதுவும் எங்களிடம் இல்லை. ஒரு படத்தில் கவர்க்கால் நட்டுக் கிடுகு வேய்ந்த குடிசை ஒன்றும், அதன் பக்கத்தில் யானைக் காவலுக்கான பரணும் தெரிகின்றன. குடிசை வாசலில் நிற்கும் தாயார் பட்டப்பகலில் அரிக்கன் லாம்பைக் கையில் பிடித்திருக்கிறார். ஊரிலிருக்கும் உறவினர், பிள்ளைகள் இருட்டில் கிடக்கிறார்கள் என்று கவலைப்படக்கூடாது என்பதற்காக அப்படி நின்றாராம். அவருடைய பேரப்பிள்ளைகள் சொன்னார்கள்.

கண்டாவளைக் கமக்காரன்:

இரணைமடுவான் ஐயாவின் உழைப்பை மதிக்கிறேன். முன்மொழிவை ஏற்க முடியவில்லை. கண்காட்சி இந்தக் குடிசையிலிருந்து தொடங்குமாயின், அதற்கு முன் இங்கே காடு மட்டுந்தான் இருந்தது என்று பார்க்க வருகிற பிள்ளைகள் எண்ணுவார்கள். 1895 இல் வெளிவந்த, பிரித்தானிய அதிகாரி ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். காய்ச்சலாலும் பஞ்சத்தாலும் மெலிந்து போன வன்னியை அவர் எழுதுகிறாரேயன்றி, ஆளில்லாத வன்னியை அல்ல. சிறு குளங்களை நம்பியும் மானாவாரியாகவும் விதைத்து, புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பொங்கி வாழ்ந்த சனங்கள் இந்தப் பக்கத்தில் தலைமுறைகளாக இருந்தார்கள். வடக்கு ரயில் பாதையும் 1905 இலேயே முழுமையாகத் திறக்கப்பட்டுவிட்டது. ஆகவே குடும்பம் வந்திறங்கிய இடத்தில் தண்டவாளம் இருந்தது, குளம் இருந்தது, அயலில் ஊர்கள் இருந்தன. யானை வரும் வழியையும் பருவம் பார்த்து விதைக்கும் நாளையும் புதிதாக வந்தவர்கள் யாரிடம் கேட்டறிந்தார்கள்?

பரந்தன் சந்தி:

அண்ணன் சொல்வது வரலாறாக இருக்கலாம். ஆனால் கண்டாவளையின் வரலாறு வேறு, கிளிநொச்சி நகரத்தின் வரலாறு வேறு. திட்டத்தை வகுப்பது அரசு. காய்ச்சலில் கிடப்பது குடியேறியவன். 1940களின் பிற்பகுதியில் நுளம்பு கொல்லும் டீடீற்றி மருந்து தெளிக்கத் தொடங்கும் வரை வன்னியில் மலேரியா எப்படி ஆட்டிப் படைத்தது என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். காணி கிடைத்தும் ஒரு காலபோகம் (மாரிகால நெற்செய்கை) கூடத் தாக்குப் பிடிக்காமல் ஊருக்குத் திரும்பியவர்களைப் பற்றி என் பேரனார் (பாட்டனார்) நிறையச் சொல்லியிருக்கிறார். இக்குடும்பம் திரும்பவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்தவர்களுக்கு விதைநெல் கடனாகக் கொடுத்ததும், கடைத் திண்ணையில் படுக்க இடம் கொடுத்ததும் அவர்கள்தாம். அப்படி இடம் பெற்றவர்களில் என் பேரனாரும் ஒருவர். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் நன்றி சொல்வதை ஏன் குற்றமாகப் பார்க்க வேண்டும்?

இன்னொன்றையும் கேட்கிறேன். போரினால் 1996 இல் ஊரே வெளியேறியது. 2008 இன் இறுதியில் மறுபடியும் வெளியேறியது. இப்படிக் கலைந்து போன ஒரு நகரத்துக்கு ஒரேயோர் அல்பம் மிஞ்சியிருக்கும்போது, அதை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று தர்க்கம் செய்வது எனக்கு மனவருத்தத்தைத் தருகிறது.

எட்டாம் வாய்க்கால்:

நான் உருத்திரபுரத்தில் படித்து, அங்கேயே பல ஆண்டுகள் கற்பித்தவள். பரந்தன் சந்தித் தம்பி கடைசியாக எழுதிய வரியைத்தான் நான் பற்றிக்கொள்கிறேன். அந்த அல்பம் ஏன் மிஞ்சியது என்பதை யாரும் இங்கே சொல்லவில்லை. அக்குடும்பத்தின் ஒரு கிளை போருக்கு வெகுகாலம் முன்பே கொழும்புக்குப் போய்விட்டது. அல்பமும் அவர்களுடன் போயிற்று. அதில் தவறேதுமில்லை. ஆனால் அதே காலத்தில், அதே வாய்க்கால் வழியே காணி பெற்ற வேறு குடும்பங்களும் ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்தவர்கள்தாம். என் தாயாரின் திருமணப் படத்தை 2009 இல் பொலித்தீன் பையில் சுற்றி, உடுப்புகளுக்கிடையே வைத்துக்கொண்டு இடத்துக்கிடம் ஓடினோம். நந்திக்கடல் களப்புத் தண்ணீருக்குள் இறங்கி நடந்தபோது பைக்குள் நீர் புகுந்துவிட்டது. இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் வெயிலில் காயவைத்துப் பிரித்தபோது, படத்தின் மேல்தாள் மற்றப் படத்தோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது. அம்மாவின் நெற்றியும் ஒரு காதும் தோட்டின் பளபளப்பும் மட்டும் எஞ்சின; அப்பா நின்ற பக்கம் முழுவதும் வெள்ளையாகிவிட்டது. இன்றைக்கு என் பெற்றோரை முன்னோடிகள் என்று நிரூபிக்க என்னிடம் படம் இல்லை. அதனால் அவர்கள் அடுத்த அறைக்குப் போக வேண்டுமா?

காணிப் பத்திரங்களைக் கொண்டு சரிபார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட பெர்மிட்டுகளில் பெரும்பாலும் குடும்பத்தலைவர் என்று ஓர் ஆணின் பெயர்தான் இருக்கும். காணியைத் துண்டாக்கக்கூடாது என்பதற்காகப் பின்னுரித்தாளியாகவும் (அடுத்து உரிமை பெறுபவராகவும்) ஒருவரையே நியமிக்கச் செய்தார்கள். கட்டை பிடுங்கி, வரம்பு கட்டி, நாற்று நட்டு, சூடு மிதிக்கும் நாட்களில் களத்து மேட்டில் சமைத்துப் போட்ட பெண்களின் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை. அரிக்கன் லாம்புடன் நிற்கும் அந்தத் தாயாரின் பெயர் அல்பத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதை இரணைமடுவான் ஐயா தயவுசெய்து சொல்ல வேண்டும்.

இரணைமடுவான்:

படத்தின் பின்புறத்தில் பென்சிலால் ஆண்டும் மகனுடைய பெயரும் எழுதப்பட்டிருக்கின்றன. தாயாரின் பெயர் இல்லை. பேரப்பிள்ளைகளிடம் கேட்டு எழுதுவோம்.

மலையாளபுரத்து மகன்:

இரணைமடுவான் ஐயா சென்ற மாதம் என்னிடம் காட்டிய இன்னொரு படத்தைப் பற்றி நான் எழுத வேண்டும். அரிசி ஆலையில் புதிய இயந்திரம் பூட்டிய நாளில் எடுத்தது. பின்புறத்தில் 1978 என்று இருக்கிறது. நடுவில் மாலையணிந்த நால்வர் கதிரையில் இருக்கிறார்கள். நால்வரின் பெயரும் உறவுமுறையும் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. வலது ஓரத்தில் நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில், வெறும் மேலுடன் ஒரு வரிசை ஆட்கள் நிற்கிறார்கள். கடைசி ஆளின் பாதி முகத்தைப் படத்தின் விளிம்பு வெட்டிவிட்டது. அவர்களுக்கு எழுதப்பட்டிருப்பது "வேலையாட்கள்" என்ற ஒரு சொல்.

அவர்கள் யார் என்பது எங்கள் பக்கத்துச் சனங்களுக்குத் தெரியும். 1977 ஓகஸ்ட் வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து உடுத்த துணியோடு வன்னிக்கு வந்தவர்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தோட்டங்களில் பட்டினி தாங்காமல் வந்தவர்களும் அவர்களிடையே உண்டு. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மக்களுக்குக் காணிக் கச்சேரியில் என்ன இடம் இருந்திருக்கும்? வாய்க்கால் நீர் எட்டாத மேட்டுநிலங்களில் கொட்டில் போட்டு, மற்றவர்களின் வயலில் அருவி வெட்டி (நெல் அறுத்து), ஆலையில் மூட்டை சுமந்து வாழ்ந்தார்கள். 1984 இல் கிளிநொச்சி தனி மாவட்டமாகியபோது அதற்குரிய சனத்தொகையில் ஒரு பெரும் பங்கு இவர்கள். அந்த ஆலை இரவும் பகலும் ஓடியது இவர்களுடைய தோளில். முதல் அறையை அக்குடும்பத்துக்கு மட்டும் கொடுத்தால், அந்த ஓரத்து வரிசையை இரண்டாவது முறையும் விளிம்பால் வெட்டுவதாகவே நான் எடுத்துக்கொள்வேன்.

பரந்தன் சந்தி:

1978 இல் நடந்ததை வைத்து 1937 இல் வந்தவர்களை எடைபோடுவது நியாயமல்ல. அந்தக் குடும்பம் யாருடைய காணியையும் பறிக்கவில்லை. வந்தவர்களுக்கு வேலை கொடுத்தது. சம்பளம் போதுமா போதாதா என்பது நாட்டின் எல்லா ஆலைகளுக்கும் உரிய கேள்வி.

இரணைமடுவான்:

எல்லோருக்கும் ஒருங்கே பதில் எழுதுகிறேன். படங்களைக் கால வரிசையில் வைக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. யாருடைய துன்பம் பெரிது என்று பார்த்து வரிசையை மாற்றினால், நகரம் எப்படி வளர்ந்தது என்பதைப் பார்க்க வருபவர் விளங்கிக்கொள்ள முடியாது. 1930களின் படங்கள் இந்த ஒரு குடும்பத்திடமே உள்ளன. ஆகவே அவை முன்னால் வரும். அக்குடும்பம் தன்னைப் பற்றிய படங்களை மட்டும் சேர்த்து வைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். வாய்க்கால் வெட்டும் படம் ஒன்றில் மண் கூடை சுமக்கும் பெண்கள் வரிசையாக வருகிறார்கள். குடும்பத்தவர் ஒருவர்கூட அதில் இல்லை. அதை எடுத்துப் பாதுகாத்தவர்கள் சுயநலமிகள் அல்லர். எட்டாம் வாய்க்கால் அம்மா தம் தாயாரின் படத்தைத் தருவாரென்றால், உரிந்த நிலையிலேயே அதைத் திருத்தாமல் அதே அறையில் வைப்பதற்கு நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

எட்டாம் வாய்க்கால்:

தருகிறேன். அம்மாவின் பெயரையும், அவர் பிறந்த ஊரையும், அப்பாவின் பெயரையும் கீழே எழுத வேண்டும். போரில் பழுதான படம் என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தக்கூடாது.

கண்டாவளைக் கமக்காரன்:

கால வரிசைதான் விதி என்றால், அந்த விதியை முழுமையாகப் பின்பற்றுங்கள். நில அளவைத் திணைக்களம் முன்னாளில் வெளியிட்ட ஓரங்குல (ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவிலான) வரைபடங்களில் இந்தப் பகுதியின் ஊர்ப் பெயர்களும் சிறு குளங்களும் ஒவ்வொன்றாகக் குறிக்கப்பட்டுள்ளன. குடிசைப் படத்துக்கு முன்னால், வாசலிலேயே, அந்த வரைபடத்தைப் பெரிதாக்கி வையுங்கள். புளியம்பொக்கணைப் பொங்கலின் பழைய படம் ஒன்றை எங்கள் பக்கத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம்; கிடைத்தால் அதுவும் அங்கேயே வர வேண்டும்.

பரந்தன் சந்தி:

சனங்கள் முகம் பார்க்க வருவார்கள். வரைபடம் பார்க்க வரமாட்டார்கள். வைப்பதென்றால் ஓரமாக வையுங்கள்.

மலையாளபுரத்து மகன்:

ஆலைப் படத்தின் பிரதியை எங்கள் ஊரிலுள்ள மூத்தவர்களிடம் காட்டினேன். மூட்டைக்குப் பக்கத்தில் நிற்பவர்களுள் இருவரை அடையாளம் கண்டார்கள். ஒருவருடைய மகள் இன்றும் பாரதிபுரத்தில் இருக்கிறார். மற்றவர்களை அடுத்த வாரம் கிருஷ்ணபுரத்தில் விசாரிக்கப் போகிறேன். கிடைக்கும் பெயர்களை மாலையணிந்த நால்வரின் பெயர்களோடு ஒரே பலகையில், ஒரே அளவு எழுத்தில் எழுதுவதாக இரணைமடுவான் ஐயா இங்கேயே உறுதி தர வேண்டும். எங்கள் சனங்களிடம் பழைய படமென்று இருப்பவை அடையாள அட்டைக்கு எடுத்த சிறு படங்களே. அவற்றைக் கேட்டுத்தான் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். உறுதி கிடைத்த பிறகே நான் அவற்றைச் சேர்க்கத் தொடங்குவேன்.