எடை சார்ட்டில் 50-ல் இருந்த மகள் 15-க்கு இறங்கிவிட்டாள், பயப்பட வேண்டுமா?

கேள்வி
மகளுக்கு இந்த வாரம் ஒரு வயது முடிந்தது. பிறந்தபோது 3.2 கிலோ, ஆறாம் மாதம் 7.3, வளர்ச்சி சார்ட்டில் நடுக்கோட்டிலேயே, அதாவது 50-லேயே இருந்தாள். இப்போது 7.9 கிலோதான், 15-ஆவது பெர்சன்டைல் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தாய்ப்பால் குடிக்கிறாள், சாப்பாடும் கொடுக்கிறேன், பிடித்துக்கொண்டு நடக்கிறாள், பெரிதாக நோய் எதுவும் வரவில்லை. பிறந்த எடையைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டுமே என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள், ராத்திரி தூக்கமே வருவதில்லை. என் பால்தான் போதவில்லையா?

பதில் 1
15 என்பது பரீட்சை மார்க் இல்லைங்க. இதே வயதுள்ள 100 பெண் குழந்தைகளை நிற்க வைத்தால் 15 பேர் இவளைவிட எடை குறைவு, அவ்வளவுதான். அந்த மூன்று மடங்கும் உத்தேசக் கணக்குதான். நடுக்கோட்டிலேயே போகிற பெண் குழந்தைகூட 3.2-ல் தொடங்கி ஒரு வயதில் 8.9 கிலோதான், அதுவே மூன்று மடங்கு வரவில்லை பாருங்கள்.

பதில் 2
எந்த சார்ட் என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்டது, பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று 6 நாடுகளில் தாய்ப்பால் குடித்து நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து போட்டது. அதற்கு முந்தைய சார்ட்டுகளில் புட்டிப்பால் குழந்தைகள் நிறைய. தாய்ப்பால் குழந்தை முதல் இரண்டு மூன்று மாதம் வேகமாக ஏறி, பிறகு நிதானப்படும். அதைப் பழைய சார்ட்டில் வைத்துப் பார்த்தால் குழந்தை இளைப்பது போலவே தெரியும், எத்தனையோ அம்மாக்கள் இதனாலேயே தாய்ப்பாலை நிறுத்தியிருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் எண்கள் 2006 சார்ட்டோடு ஒத்துப்போகின்றன, ஆனாலும் கேட்டுவிடுங்கள்.

பதில் 3
எனக்கு முழுச் சம்மதம் இல்லை. 15 சரி, ஆனால் ஆறே மாதத்தில் 50-லிருந்து 15 என்பதைப் பார்க்கத்தான் வேண்டும். பிறக்கும்போது உள்ள அளவு பெரும்பாலும் கர்ப்பப்பைச் சூழலைப் பொறுத்தது, அப்புறம் முதல் இரண்டு வருடத்தில் குழந்தை பெற்றோரின் உடல்வாகுக்கு ஏற்ற கோட்டுக்கு நகரும், இது சகஜம். நீங்களும் கணவரும் சிறிய உடல்வாகா? உயரமும் எடையோடு சேர்ந்து மெல்ல இறங்கியதா, எடை மட்டுமா? உயரத்துக்கேற்ற எடை என்று தனிக் கோடு உண்டு, அதையும் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். எடை அப்படியே நின்றுவிட்டாலோ, சார்ட்டில் இரண்டு பெரிய பெர்சன்டைல் கோடுகளைத் தாண்டி இறங்கினாலோ, 3-ஆவது பெர்சன்டைலுக்குக் கீழே போனாலோ காத்திருக்க வேண்டாம். முதலில் உடுப்பு, டயப்பர் இல்லாமல் மறுபடி எடை பாருங்கள். உயரத்தை 2 வயது வரை படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும், நிற்க வைத்தால் 0.7 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும்.

கேட்டவர்
இருவருமே குள்ளம், ஒல்லி. ஆறாம் மாத எடை வேறு இடத்தில், கனமான உடுப்போடு எடுத்தது, இப்போதுதான் நினைவு வருகிறது. உயரமும் எப்போதும் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழேதான், இப்போது 72 செ.மீ. இனி வாரா வாரம் எடை பார்க்கவா?

பதில் 3
வேண்டாம். இந்த வயதில் மாதத்துக்கே 200 கிராம் போலத்தான் ஏறும், வயிறு நிறையக் குடித்த பாலே அந்தக் கணக்கைக் குழப்பிவிடும். மாதம் ஒரு தடவை, அதே மெஷினில், சாப்பிடும் முன். மூன்று புள்ளி சேர்ந்ததும் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும், அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.