யோசெமிட்டியில் அத்தை பார்த்த கரடி

அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்த அத்தை (என் மாமியார்), கரடி உலவும் காட்டில் கூடாரம் போடப்போகிறோம் என்றதும் கேட்ட முதல் கேள்வி, "அது முகத்தில் பாயுமா?" என்பதுதான். அவர் ஊர்ப் பக்கம் மலையடிவாரத் தோப்புகளுக்குக் கரடி இறங்கி வருவதுண்டு. எதிர்பாராமல் ஆள் குறுக்கே வந்துவிட்டால் முகத்தைக் குதறிவிடும்.

கலிபோர்னியாவின் கொடியில் இருக்கும் கிரிஸ்லி கரடி 1920களிலேயே இந்த மாநிலத்தில் அற்றுப்போய்விட்டது. நாங்கள் போகும் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் இருப்பது கருங்கரடி மட்டும், அதற்கு நம் மேல் ஆசையில்லை, நம் சாப்பாட்டின் மேல்தான் என்று அவருடைய மகன் விளக்கினார். "பிறகு எதற்கம்மா என்னை இட்லிப் பொடி இடிக்கச் சொன்னாய்?" என்று அத்தை என் பக்கம் திரும்பினார்.

மே மாதக் கடைசி, அப்பர் பைன்ஸ் முகாமில் இரண்டு இரவுகள். ஐந்து மாதங்களுக்கு முன்பே, 15ஆம் தேதி காலை 7 மணிக்குக் கணினி முன் உட்கார்ந்து பிடித்த இடம் அது. கண் சிமிட்டினால் போய்விடும்.

ஒவ்வொரு கூடார இடத்திலும் ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. 45 அங்குல அகலம், 33 அங்குல ஆழம், 18 அங்குல உயரம். சாப்பாட்டை மட்டும் அதற்குள் வைத்தால் போதாது. பற்பசை, சோப்பு, வெயிலுக்குப் பூசும் களிம்பு, குப்பைப் பை என்று மணக்கிற அத்தனையும் உள்ளே போக வேண்டும். இருட்டிய பிறகு காரில் ஒரு பிஸ்கட் கூட இருக்கக் கூடாது. அத்தை கோடாலித் தைலத்தைத் தர மாட்டேன் என்று அடம்பிடித்தார். முழங்கால் வலிக்கு இரவில் வேண்டுமாம். அரை மணி நேரம் மன்றாடி வாங்கினேன்.

எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்தபோது, டார்ச்சுடன் சுற்றி வந்த ரேஞ்சர் (பூங்காக் காவலர்) எங்கள் மினிவேனுக்குள் ஒளியடித்துப் பார்த்தார். குழந்தையின் கார் இருக்கையைக் காட்டினார். மடிப்புகளில் முறுக்குத் துணுக்குகள்! ஃப்ரெஸ்னோ தாண்டியதிலிருந்து மகள் கொறித்துக்கொண்டே வந்தவை. யோசெமிட்டிக் கரடிகள் மற்ற வண்டிகளைவிட மினிவேன்களையே அதிகம் உடைக்கின்றன என்று 2009இல் ஓர் ஆய்வே வந்திருக்கிறதாம். மினிவேன் என்றால் குழந்தைகள், குழந்தைகள் என்றால் சிந்தல். அந்தக் கணக்கு கரடிக்கும் தெரிந்திருக்கலாம். இருக்கையைத் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, சாமான்களை அடுக்கி மாற்றி, எப்படியோ பெட்டிக்குள் திணித்தோம்.

இரவு இரண்டு மணி இருக்கும். இரும்பு அதிர்ந்தது. கூடாரத்தின் வலைச் சன்னல் வழியே பார்த்தால் பெட்டியின் மேல் ஒரு பெரிய உருவம். பெயர்தான் கருங்கரடி; டார்ச் ஒளியில் பனங்கருப்பட்டி நிறம். தாழ்ப்பாளைத் திறக்கக் குழிவுக்குள் விரல்களை நுழைக்க வேண்டும். கரடியின் பாதம் அதற்குள் போகாது. அது முகர்ந்தது, நகத்தால் பிறாண்டியது, பெருமூச்சு விட்டது. இட்லிப் பொடி அவ்வளவு தொலைவுக்கு மணந்திருக்கிறது.

முகாமுக்குள் கரடி வந்தால் அமைதியாக இருக்கக் கூடாது, கூச்சல் போட்டு விரட்ட வேண்டும் என்று படித்திருந்தேன். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடி துணிச்சலாகிவிடும்; கடைசியில் அதைக் கொன்றுவிடும் நிலைகூட வரும். படித்தது எல்லாம் சரி, எனக்குத் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. என் கணவர் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

அத்தை குலவையிட்டார். ஊர்க் கொடையில் அம்மனுக்கு இடுகிற அதே குலவை, அடிவயிற்றிலிருந்து. கரடி தலையைத் தூக்கியது. பெட்டியிலிருந்து குதித்து, காரை ஒருமுறை சுற்றி, பைன் மரங்களுக்குள் போய்விட்டது. நாலாபுறமும் கூடாரங்களில் விளக்குகள் எரிந்தன. கரடிக்கா, குலவைக்கா என்று தெரியவில்லை.

காலையில் ரேஞ்சரிடம் தகவல் சொல்லிவிட்டு வந்து பார்த்தால், மகள் உட்காரும் பக்கத்துக் கண்ணாடியில் ஈர மூக்கின் தடமும், அதன் கீழே ஐந்து விரல்களோடு ஒரு பாதத்தின் மண்ணும். நான் துணியை எடுத்தேன். அத்தை கையைப் பிடித்துக்கொண்டார். அம்பாசமுத்திரத்துத் தங்கைக்கு வீடியோ அழைப்பில் காட்டும்வரை யாரும் அதைத் தொடக் கூடாதாம். பள்ளத்தாக்கில் சிக்னல் சரியாக இல்லை. ஊர் திரும்பும்வரை அந்தக் கண்ணாடி அப்படியே வந்தது.