மார்க்கமில் முதல் ஸ்பீடிங் டிக்கெட்: கட்டிவிடவா, எதிர்த்துப் போகவா?

ஈரோட்டுப் பையன்:
எல்லாருக்கும் வணக்கம். நானும் மனைவியும் பி.ஆர். (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) கிடைத்து கனடா வந்து ஐந்து மாதம் ஆகிறது. வேலைக்குப் போகும் வழியில், டொராண்டோ பக்கத்து ஊரான மார்க்கமில் போலீஸ் நிறுத்தி ஸ்பீடிங் டிக்கெட் கொடுத்துவிட்டார். ஊரில் பதினொரு வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறேன், ஒரு தடவைகூட இப்படி நடந்ததில்லை. கார் என் மச்சானுடையது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. இது பி.ஆரைப் பாதிக்குமா? நாளைக்கு சிட்டிசன்ஷிப் விண்ணப்பிக்கும்போது குற்றவாளி என்று வருமா? பணத்தைக் கட்டிவிடலாமா, இல்லை கோர்ட்டுக்குப் போகலாமா? கோர்ட் என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து மனைவி சரியாகச் சாப்பிடுவதில்லை. யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மிசிசாகா வாசி:
கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள் தம்பி. நான் 2009 ஜனவரியில் வந்தவன். முதல் ஆறு மாதம் கிடங்கில் இரவு ஷிப்ட், விடிகாலை நாலு மணிக்குப் பனியில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். கார் வாங்கிய மூன்றாவது வாரமே ஸ்டாப் சைனில் முழுதாக நிறுத்தவில்லை என்று டிக்கெட். ஒரு நாள் கோர்ட்டுக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகும், அன்றைக்கு எனக்கு அது பெரிய தொகை. கட்டினேன், முடிந்தது. அந்தக் குளிர்காலத்தில் எங்களுக்கு உதவி செய்ய ஒருவரும் இல்லை. உங்களுக்கு மச்சானாவது இருக்கிறார், அதை நினைத்துத் தைரியமாக இருங்கள்.

ஸ்காபரோ அண்ணை:
தம்பி, ஒருக்காலும் உடனே காசு கட்ட வேண்டாம். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பிறகு இன்சூரன்ஸ்காரர் மூன்று வருசம் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ரிக்கெற்றின் பின்பக்கத்தில் மூன்று வழி போட்டிருக்கும்: கட்டுவது, அரச தரப்புச் சட்டத்தரணியைச் சந்தித்துப் பேசுவது, வழக்கு விசாரணை கேட்பது. நான் எப்போதும் மூன்றாவதைத்தான் எடுப்பேன். 1996இல் ஒருமுறை, 2004இல் ஒருமுறை. இரண்டு முறையும் பொலிஸ்காரர் வரவில்லை, வழக்கு தள்ளுபடி. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுதினால் நீதிமன்றமே இலவசமாகத் தரும். நாங்கள் வந்த காலத்தில் இதைச் சொல்லித்தர ஆள் இல்லை. உங்களுக்கு நாங்கள் இருக்கிறோம், பயப்பட வேண்டாம்.

மிசிசாகா வாசி:
அண்ணை, போலீஸ் வராமல் போவதெல்லாம் அதிர்ஷ்டம். எனக்குத் தெரிந்த இருவருக்கு வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போனார்கள். வராவிட்டாலும் அரசுத் தரப்பு வேறு தேதி கேட்கலாம்.

குளிர்காலப் பறவை:
டிக்கெட்டில் பேர் சரியாக எழுதியிருக்கிறார்களா பாருங்கள். நம் பெயர்களை இவர்கள் பாதி நேரம் தப்பாகத்தான் எழுதுவார்கள். எழுத்துப் பிழை இருந்தால் டிக்கெட் செல்லாது.

தோசைக்கல்:
அப்படிச் செல்லாமல் போகாது. பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் நீதிமன்றமே திருத்திக்கொள்ளும், சட்டம் அதற்கு அனுமதிக்கிறது. தவறு இருக்கிறது என்று பேசாமல் இருந்துவிட்டு, தான் இல்லாமலேயே தண்டனை விழுந்து, அபராதம் கட்டாததால் லைசென்ஸே முடங்கிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இதை நம்பி யாரும் சும்மா இருந்துவிடாதீர்கள்.

பிராம்ப்டன் அம்மா:
இன்சூரன்ஸ் விலையைப் பற்றி யாரும் பேசவில்லையே! என் மகனுக்கு மாதம் கட்டுவது எங்கள் மளிகைச் செலவைவிட அதிகம். பிராம்ப்டன் முகவரி என்ற ஒரே காரணத்துக்கு ஒரு விலை. ஒரு டிக்கெட் வந்தால் அதற்கு மேல். ஊரில் இன்சூரன்ஸ் என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை கட்டிவிட்டு மறந்துவிடுவோம்.

குளிர்காலப் பறவை:
சரியாகச் சொன்னீர்கள் அம்மா. அதற்கு மேல் வேகக் கேமரா. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வைத்து ஆறு மாதத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று வந்தது. 2025 நவம்பரில் மாகாண அரசு அதைத் தடை செய்ததும்தான் நிம்மதி.

பிராம்ப்டன் அம்மா:
அதில் மட்டும் நான் உங்களோடு இல்லை. என் பேத்தி நடந்து போகும் பள்ளிக்கூட வாசலில் கேமரா இருந்தபோது வண்டிகள் மெதுவாகப் போயின. இப்போது மறுபடி பறக்கிறார்கள். டொராண்டோ பார்க்சைடு டிரைவில் இருந்த கேமராவை எத்தனை முறை வெட்டிச் சாய்த்தார்கள்! 2021இல் அதே சாலையில் சிக்னலில் நின்ற வயதான தம்பதி விபத்தில் இறந்துபோனார்கள். அதற்கப்புறம்தான் அங்கே கேமரா வந்தது. அது வருமானத்துக்காக வைத்தது என்று என் வீட்டிலேயே சொல்கிறார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஸ்காபரோ அண்ணை:
அம்மா சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் கமெராவுக்கு வந்த ரிக்கெற் வண்டிச் சொந்தக்காரரின் பெயருக்குத்தான் போனது, லைசென்ஸில் ஏறும் தண்டனைப் புள்ளியும் (டிமெரிட் பாயிண்ட்) இருக்கவில்லை. தம்பியுடையது அப்படி இல்லை, பொலிஸ் மறித்துக் கொடுத்தது. அது ஓட்டினவரின் பதிவில்தான் ஏறும். மச்சானின் பெயருக்குப் போகாது.

தோசைக்கல்:
எல்லாரும் ஒரு நிமிடம் பொறுங்கள். தம்பி கேட்டு இரண்டு நாள் ஆகிறது, முக்கியமான எதையும் நாம் அவரிடம் கேட்கவில்லை. நான் வழக்கறிஞர் இல்லை. போக்குவரத்து வழக்குகள் பார்க்கும் பாராலீகல் (வழக்கறிஞர் அல்லாத, சிறு வழக்குகளில் வாதாட உரிமம் பெற்றவர்) அலுவலகம் ஒன்றில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். தம்பி, இவற்றுக்குப் பதில் போடுங்கள். டிக்கெட்டில் மொத்தத் தொகை எவ்வளவு? என்றைக்குக் கொடுத்தார்? உங்களிடம் இருப்பது ஜி2 என்ற இடைநிலை லைசென்ஸா, முழு ஜியா, இல்லை இன்னும் ஊர் லைசென்ஸா? இங்கே குடியேறி 60 நாளுக்குள் மட்டும்தான் ஊர் லைசென்ஸில் ஓட்டலாம், அதனால் கேட்கிறேன். அப்புறம், டிக்கெட் கொடுக்கும்போது அந்த அதிகாரி என்ன சொன்னார்? ஒரு வார்த்தைகூட விடாமல் எழுதுங்கள்.

ஈரோட்டுப் பையன்:
மன்னிக்கவும், பதற்றத்தில் எதையும் எழுதவில்லை. மொத்தம் 52 டாலர் 50 சென்ட். கொடுத்து இன்றோடு பன்னிரண்டு நாள். லைசென்ஸ் ஜி2. ஊரில் ஓட்டிய அனுபவத்துக்கு அத்தாட்சிக் கடிதம் கொண்டுவராததால் நேராக ஜி டெஸ்ட் கொடுக்க முடியவில்லை. அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். எய்ட்டி டூ என்று முதலில் சொன்னார், பிறகு ஏதோ பிரேக் தருகிறேன் என்றார். நான் வண்டி பிரேக்கைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

தோசைக்கல்:
சரி, இப்போது விஷயம் முழுதாக வேறு.

நீங்கள் ஓட்டியது வேக வரம்பு 50 உள்ள சாலை என்றால், 15 கூடுதல், அதாவது 65 என்று உங்கள் டிக்கெட்டில் எழுதியிருக்கும், பாருங்கள். கிலோமீட்டருக்கு 2.50 வீதம் 37.50, நீதிமன்றச் செலவு 5, பாதிக்கப்பட்டோர் நிதிக்கு 10. கூட்டினால் 52.50. பதினைந்து வரை டிமெரிட் பாயிண்ட் கிடையாது. ராடாரில் 82 விழுந்ததை அவர் 65 ஆகக் குறைத்து எழுதியிருக்கிறார். பிரேக் தருகிறேன் என்றால் சலுகை தருகிறேன் என்று அர்த்தம்.

அண்ணை கோபிக்கக் கூடாது. விசாரணை கேட்கும் யோசனை உங்களுக்குச் சரி, இந்தத் தம்பிக்கு ஆபத்து. விசாரணைக்குப் போனால், ராடாரில் விழுந்த உண்மையான வேகத்துக்கே டிக்கெட்டைத் திருத்த வேண்டும் என்று அரசுத் தரப்பு கேட்கலாம், நீதிமன்றம் அனுமதிக்கவும் செய்யலாம். இதைத் தெளிவாக்கியது 2009இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்த வின்லோ வழக்கு. வழக்குத் தொடுத்தது யார்க் பிராந்தியம்தான், நம் மார்க்கமும் அதில்தான் வருகிறது. 82 என்று திருத்தினால் 32 கூடுதல். அதற்கு நான்கு பாயிண்ட், அபராதம் கிலோமீட்டருக்கு 7 டாலர், அதாவது 224. அதைவிடப் பெரிய விஷயம், ஜி2 வைத்திருப்பவருக்கு நான்கு அல்லது அதற்கு மேல் பாயிண்ட் உள்ள குற்றம் ஒன்று நிரூபணமானாலே முதல் தடவை 30 நாள் லைசென்ஸ் நிறுத்தம். வேலைக்கு எப்படிப் போவீர்கள்?

நானாக இருந்தால் இதைக் கட்டிவிடுவேன். மனசு கேட்கவில்லை என்றால், டிக்கெட்டுக்குப் பதில் சொல்லக் கொடுத்திருக்கும் பதினைந்து நாள் முடிவதற்குள் இரண்டாவது வழியை எடுங்கள், அரசுத் தரப்பிடம் பேசலாம். ஆனால் பாயிண்ட்டே இல்லாத டிக்கெட்டில் இன்னும் குறைக்க அவர்களிடம் அதிகம் இருக்காது. எதைச் செய்தாலும் பதினைந்தாம் நாளைத் தாண்டவிடாதீர்கள்.

பி.ஆர். பற்றி: ஸ்பீடிங் மாகாணப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வருவது, குற்றவியல் சட்டத்தில் இல்லை. இதற்காக உங்கள் பி.ஆர். போகாது. குடித்துவிட்டு ஓட்டுவதுதான் வேறு, 2018 டிசம்பரிலிருந்து அது குடியேற்றத்தில் கடுங்குற்றமாகவே எண்ணப்படுகிறது. அந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குங்கள், மனைவியையும் சாப்பிடச் சொல்லுங்கள்.

ஸ்காபரோ அண்ணை:
ஜி2 என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். அது இல்லாத ஆட்களுக்கு என் கருத்து மாறவில்லை. குறைத்து எழுதாத ரிக்கெற் என்றால் சும்மா கட்டிவிடக் கூடாது.

தோசைக்கல்:
குறைக்காத டிக்கெட்டுக்கு நானும் அதையேதான் சொல்வேன் அண்ணை. மூன்று, நான்கு பாயிண்ட் உள்ளதை வாங்கிய வேகத்தில் கட்டுவது வீண் நஷ்டம். அரசுத் தரப்பிடம் பேச வேண்டும், அதிகாரியின் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

தம்பிக்கு இன்னும் ஒரு கேள்வி. டிக்கெட்டைவிட இது முக்கியம். மச்சான் காரை எத்தனை நாளைக்கு ஒருமுறை ஓட்டுகிறீர்கள்? ஒரே வீட்டில் இருக்கிறீர்களா? அவருடைய இன்சூரன்ஸில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா?

ஈரோட்டுப் பையன்:
ஒரே வீடுதான். வாரத்தில் ஐந்து நாளும் நான்தான் ஓட்டுகிறேன். பெயர் ஏற்றியதாகத் தெரியவில்லை.

தோசைக்கல்:
அப்படியென்றால் இன்று ராத்திரியே மச்சானிடம் சொல்லுங்கள். ஒரே வீட்டில் இருந்து தினமும் காரை ஓட்டுகிறவரை இன்சூரன்ஸுக்குத் தெரிவிக்காமல் இருந்தால், நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் இழப்பீட்டில் பெரிய தகராறு வரும். அது ஐம்பது டாலரோடு நிற்காது, வீட்டையே ஆட்டும். உங்களுக்கு அடைக்கலம் கொடுத்த மனிதர் அதில் மாட்டக் கூடாது.

பிராம்ப்டன் அம்மா:
சொல்லிவிடப்பா. திட்டினாலும் ஒரு நாள்தான் திட்டுவார்.

ஈரோட்டுப் பையன்:
சொல்லிவிட்டேன். மச்சான் டிக்கெட்டைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, பெயர் ஏற்றாமல் விட்டது தன் தவறு என்றுதான் வருத்தப்பட்டார். காலையில் புரோக்கரைக் கூப்பிட்டு என் பெயரைச் சேர்த்தாயிற்று, மாதம் கொஞ்சம் கூடுகிறது, அதை நான் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். டிக்கெட்டில் 65 என்றுதான் இருந்தது. பதின்மூன்றாம் நாள் ஆன்லைனில் கட்டி ரசீதைப் பத்திரப்படுத்திவிட்டேன். ஊரில் அப்பா நாளைக்கு ஈரோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போய் என் லைசென்ஸுக்கு அத்தாட்சிக் கடிதம் கேட்கப் போகிறார். அதில் என்னென்ன விவரம் இருக்க வேண்டும் என்று யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

தோசைக்கல்:
லைசென்ஸ் எண், முதலில் கொடுத்த தேதி, எந்த வகை வண்டி, இப்போதும் செல்லுபடியாகிறதா என்பது. இந்த நான்கும் இருக்க வேண்டும். அலுவலக முத்திரை, கையெழுத்துடன் அசலையே அனுப்பச் சொல்லுங்கள். லைசென்ஸ் எடுத்த வருஷத்தை அப்பா சரியாகச் சொல்ல வேண்டும், அதை இன்றைக்கே அவரிடம் எழுதிக்கொடுத்துவிடுங்கள்.