கவுட் வலியும் நம் வெள்ளை அணுக்களும்: உங்கள் அனுபவம் என்ன?

தாமரைக்குளம்:
கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை நுனி பட்டாலும் பொறுக்க முடியாத இரவைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. இரத்தத்தில் யூரிக் அமிலம் இயல்பான அளவில் இருந்ததால், இது கவுட் (யூரிக் அமிலம் படிகமாகி மூட்டில் தங்கும் நோய்) அன்று, கிருமித் தொற்றே என்று சொல்லி ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். வலி கடுமையாக இருக்கும்போது அந்த அளவு தற்காலிகமாகக் குறைந்து காட்டக்கூடும் என்பதை யாரும் சொல்லவில்லை. பின்னர் வேறொரு மருத்துவர் மூட்டு நீரை எடுத்து நுண்ணோக்கியில் வைத்து, என்னையும் பார்க்கச் சொன்னார். வெள்ளை அணு ஒன்றின் உள்ளே, அதன் குறுக்காக, ஊசி வடிவ யூரேட் (யூரிக் அமில உப்பு) படிகம் கிடந்தது. கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை. கிருமி என்று எண்ணி என் அணுவே அதை விழுங்கியிருக்கிறது.

ஆய்வகப் பணியாளர்:
வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டிய மூட்டு நீர் மோர் போலக் கலங்கி வந்த ஒரு குழாய் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்தக் கலங்கல் முழுவதும் நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளை அணுக்கள். ஆனால் முதல் பதிவில் ஒரு விடுபடல் உண்டு. நியூட்ரோஃபில் அழைக்கப்பட்டு வந்த படைதான். அழைப்பு விடுப்பது பெரும்பாலும் மூட்டிலேயே குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கும் அணு. படிகத்தை விழுங்கியதும் அதனுள் என்எல்ஆர்பி3 இன்ஃப்ளமசோம் என்னும் புரதக் கூட்டு விழித்தெழுந்து, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்னும், அழற்சியைத் தூண்டும் அழைப்புப் புரதத்தை வெளியேற்றுகிறது. இதை 2006இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து ஆய்வாளர்கள் காட்டினர்.

மூன்றாம் விரல்:
யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரை தொடங்கிய புதிதில் எனக்கு வலி கூடியது. மாத்திரையைக் குப்பைத் தொட்டிக்கு மேல் பிடித்தபடி நின்றிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்: நிறுத்தாதீர்கள். யூரிக் அமிலம் இறங்கும்போது பழைய படிவுகள் தளர்ந்து உதிர்வதால், அதுவரை கண்டுகொள்ளாத அணுக்கள் அவற்றின் மீது பாய்கின்றன. அதனால்தான் முதல் சில மாதங்களுக்குக் குறைந்த அளவு கோல்சிசினும் சேர்த்துத் தருகிறார்கள். அது யூரிக் அமிலத்தைக் குறைப்பதில்லை. நியூட்ரோஃபில்களின் நடமாட்டத்தை மட்டுப்படுத்துகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம். இரத்த யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழ் என்ற இலக்கை எட்டிய பிறகும் அலோபியூரினாலை விட்டுவிடக் கூடாது. மேலும், ஆய்வகப் பணியாளர் படிகம் இருந்தாலே போர் மூளும் என்பதுபோல் எழுதியிருக்கிறார். வலியே இல்லாதவர்களின் மூட்டிலும் படிகம் கிடப்பதுண்டு.

ஆய்வகப் பணியாளர்:
நான் அப்படி எழுதவில்லை. ஆனாலும் 1962இல் ஃபேர்ஸ், மெக்கார்ட்டி என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் யூரேட் படிகத்தைத் தங்கள் முழங்காலிலேயே ஊசி மூலம் செலுத்தி, வீக்கத்தை வரவழைத்துக் காட்டியதையும் மறக்க வேண்டாம்.

தாமரைக்குளம்:
என் உறுத்தல் மருந்தைப் பற்றியது அன்று. குவிந்த நியூட்ரோஃபில்கள் மடியும்போது வெளிவிடும் டிஎன்ஏ இழை வலைகள் திரண்டு, அழற்சிப் புரதங்களைச் சிதைப்பதால், இந்த வலி ஓரிரு வாரங்களில் தானாகவே தணியக்கூடும் என்று இரண்டாம் மருத்துவர் விளக்கினார். எனக்கும் ஆன்டிபயாடிக் முடியும் தறுவாயில் வீக்கம் வடிந்தது. முதலில் பார்த்தவர் தம் மருந்துதான் வேலை செய்தது என்று இன்றும் நம்பிக்கொண்டிருப்பார்.